ஹார்ட் டிஸ்க்குக்கு இன்று விடுமுறை

செத்து ஒரு வாரமான கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள்.

மானிட்டரின் நெற்றியில் மூன்று பட்டை விபூதி. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கீபோர்டுக்குமேல் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் பொரிகடலை, அவல், ஒரு மலைவாழைப்பழம். பழத்தில் குத்திய ஊதுபத்தி எரிந்து முடிந்து, சாம்பல் இலையோரம் உதிர்ந்து கிடந்தது. மவுசுக்கும் ஒரு பொட்டு. பேட்டரி போய்ப் பல மாதமான யூ.பி.எஸ்.சுக்கும் ஒரு பொட்டு. உயிரோடு இருந்தவரை இந்தப் பெட்டியை யாரும் ஒரு துணியால் துடைத்ததுகூட இல்லை. செத்த பிறகுதான் மாலை. இந்த வழக்கம் கம்ப்யூட்டருக்கு மட்டும் உள்ளதில்லை என்பது சுந்தரராஜுக்குத் தெரியும்.

அன்று ஆயுத பூசை. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பஜாரில் இருக்கும் பனிமலர் டிஜிட்டல் ஸ்டூடியோவின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சுந்தரராஜ் குனிந்துதான் உள்ளே நுழைந்தான். முப்பது வயது. பி.காம். வட்டக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியில் கணக்கும் வரவேற்பும் பார்க்கிறான். மனைவி இறந்து வருகிற வாரத்தோடு ஒரு வருடம். இதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல அவனிடமே எதுவும் இல்லை.

“வா தம்பி. பொரி எடுத்துக்க,” என்றார் திருமலைச்சாமி. ஸ்டூடியோ அவருடையது. சுந்தரராஜின் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவரும் அவர்தான்.

“அண்ணே, நாளைக்கு ஃபார்மட் பண்ணப் போறீங்களாம்ல?”

“ஆமாப்பா. வெள்ளனே வேலுமணி வர்றான். ஆறுக்கு மேல ஏழரைக்குள்ள நல்ல நேரம்.”

வேலுமணி வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரும் கம்ப்யூட்டர் டாக்டர். எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து. பிரிண்டர் ஓடாவிட்டால் ஃபார்மட். மவுஸ் நகராவிட்டால் ஃபார்மட். திருமலைச்சாமியின் பெட்டியிலோ வைரஸ் புகுந்து, போட்டால் கறுப்புத் திரையில் ஒற்றை வரி இங்கிலீஷோடு நின்றுவிடுகிறது. இதற்கு ஃபார்மட் தவிர வேறென்ன? ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் வழித்து எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். அதையும் சும்மா ஒரு நாளில் செய்வார்களா? விஜயதசமியன்று பிள்ளைகளுக்கு அரிசியில் ‘அ’ எழுதிக் கொடுக்கிறார்கள். அதே நாளில் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துத் தொடங்கினால் வருடம் முழுக்க வைரஸ் அண்டாது என்பது திருமலைச்சாமியின் கண்டுபிடிப்பு.

“அதுல எங்க கல்யாணப் படம் இருக்குண்ணே.”

“அதான் ஆல்பம் குடுத்தாச்சேப்பா.”

கொடுத்தாச்சு. மறுக்க முடியாது. தூக்கினால் கை வலிக்கிற ஆல்பம். அதில் மாப்பிள்ளையின் முகம் இருக்கிறது. மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா மூக்கைத் துடைக்கும் முகம் இருக்கிறது. சாம்பார் வாளியோடு நின்ற சமையல்காரரின் முகம்கூடத் தெளிவாக இருக்கிறது. ஷர்மிளாவின் முகம் மட்டும் இல்லை. அவளுக்கு வகிடு இருக்கிறது. கல்யாணப் பெண் தலை நிமிரக் கூடாது என்பதால், அவள் அம்மா அமிர்தவல்லி முகூர்த்தம் முடிகிறவரை பின்னாலேயே நின்று, “குனிஞ்சுக்க, குனிஞ்சுக்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியும் நிமிர்ந்துவிட்ட படங்களை, ஆல்பத்துக்குப் பொறுக்கிய அன்று, இதே ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளியவரும் அவர்தான். “இதுல வாயத் தெறந்திருக்கா. இதுல சிரிக்கிறா. நாலு பேருக்கு இதக் காட்ட ஏலாது.” அந்தக் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அவர்கள் ஏலாது என்றால் ஏலாதுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு யாரும் படம் எடுக்கவில்லை. அவன் போன் டார்ச் அடிக்கும், படம் எடுக்காது. பிறகு அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அவள் போனபோது வீட்டில் கிடைத்தது வாக்காளர் அட்டை ஒன்றுதான். அதைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க, கொள்ளை வழக்கில் தேடப்படுகிறவளைப் போல ஆனாள். துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தப் படத்துக்கு முன்னால் அழுதுவிட்டு, வெளியே போய், “இது யாரு?” என்று கேட்டார்கள்.

அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். இப்போதுள்ள தொந்தரவு வேறு. கண்ணை மூடி ஷர்மிளா என்று நினைத்தால் அந்த அட்டைதான் வருகிறது. முறைத்த கண், இறுகிய உதடு, சுற்றிலும் கட்டம். புருவத்தைத் தனியாக நினைத்தால் வருகிறது. குரலைத் தனியாக நினைத்தால் வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் வாக்காளர் வந்து நிற்கிறார். அவள் முகம் எப்படி இருந்தது என்பது அவனுக்கு மறந்துபோய்விட்டது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. பாவம் பார்ப்பார்கள்.

போன வாரம் அமிர்தவல்லி போன் செய்தார். “தம்பி, வருசத் தெவசத்துக்கு அந்தப் படத்த வைக்க ஏலாது. அது எம் புள்ளையே இல்ல. ஸ்டூடியோக்காரரோட கதைச்சுப் பாருங்க. நல்லா மொகம் தெரியிற மாதிரி ஒண்ணு இருக்கும்.” இருந்தவற்றையெல்லாம் தள்ளியது யார் என்று அவன் கேட்கவில்லை. சரிங்கத்தை என்றான். ஆக, அவள் நிமிர்ந்த முகம் இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற இடம், மாலை போட்ட இந்தப் பெட்டி ஒன்றுதான். அதற்கும் நாளைக் காலை நல்ல நேரம் குறித்தாகிவிட்டது.

“வேலுமணி கிட்ட, படத்தக் காப்பி எடுத்துட்டு அழிக்கச் சொல்லலாம்லண்ணே?”

“கேட்டேன்பா. மொதல்ல ஃபார்மட், மத்தது அப்புறம் பேசுவோம்ங்கறான்.”

சுந்தரராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான். விடுதியில் தங்கிய ஒரு வெளிநாட்டுப் பையன் ஒற்றைக் காலுறையோடு அறையில் விட்டுப்போனது. இரண்டையும் கேட்டு யாரும் வரவில்லை. அதற்குள் முழுதாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தது. பெயர் பப்பி. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுகொள்ளாது. பென் டிரைவிலிருந்து தானாக எழுந்து, மெமரியில் ஏறி உட்கார்ந்து வேலை பார்க்கும். அணைத்தால், நடந்தது அத்தனையும் மறந்துவிடும். மறுநாள் போட்டால் புதிதாய்ப் பிறந்ததுபோல் வந்து நிற்கும். இந்தக் குணத்துக்காகவே அதை அவன் கூடவே வைத்திருந்தான்.

“இதுல வேற சிஸ்டம் இருக்குண்ணே. ஒங்க ஹார்ட் டிஸ்க்கு ஓட வேண்டியதில்ல. இத வெச்சு மிஷினை எழுப்பி, படத்த மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்.”

“இன்னிக்கா?” திருமலைச்சாமி பின்னால் நகர்ந்தார். “பூசையில வெச்சதத் தொடலாமா? கேமராவே தூங்குது பாரு.” பட்டுத் துண்டு போர்த்திய கேமராவைக் காட்டினார். “எனக்கு ஒண்ணும் இல்லப்பா. அவ சம்மதிக்கணும். ஏ புள்ள! இங்க வா செத்த!”

திரையை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தார். பெயர் மகாராணி. பெயரை அவர் வீணாக்கியதில்லை. ஸ்டூடியோவின் பின்னறையில்தான் குடித்தனம். அங்கே டி.வி.யில் பண்டிகைப் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. குடும்பத்தில் நிம்மதிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று ஆறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் மகாராணி, “கூடவே கூடாது,” என்றார்.

அந்த மாதம் முழுக்கப் பேசியதைவிட அதிகமாக சுந்தரராஜ் அந்த மத்தியானம் பேசினான்.

“அக்கா, பூசையில இருக்கறது ஹார்ட் டிஸ்க்கு. அதுக்கு இன்னிக்கு லீவு. அது தூங்கட்டும். ஓடப் போறது இது.”

“இதுக்குப் பூசை போட்டாச்சா?”

“இல்லக்கா.”

“குடுங்க, ஒரு பொட்டு வெச்சுத் தர்றேன்.”

“வேண்டாங்க்கா. பொட்டு வெச்சா இதுக்கும் லீவாயிரும்.”

மகாராணி யோசித்தார். அதில் ஓட்டை தெரியவில்லை. ஆனால் விடவும் மனசில்லை. “அப்ப இந்த டி.வி. பொட்டி? கீபோர்டு? அதுகளுக்கும் பொட்டு வெச்சிருக்குல்ல?”

“உள்ள ஓடுற டி.வி.க்குப் பொட்டு வெக்கலியாக்கா?”

“வெக்காமயா? சாம்பிராணியே காட்டினேன்.”

நிம்மதிக்குக் காரணம் மனைவியே என்று உள்ளேயிருந்து ஒருவர் அடித்துச் சொன்னார், கைதட்டல் கேட்டது. திருமலைச்சாமி கூரையைப் பார்த்தார்.

“அது ஆயுதமில்ல,” என்றார் மகாராணி.

“ஆயுதமில்லாததுக்கு எதுக்குக்கா பொட்டு?”

“வெவரமாத்தான் பேசுறீங்க. சரி, படம் எங்க இருக்கு? அந்த டிஸ்க்குக்குள்ளதான? அதத் தொடாம எப்படி எடுப்பீங்க?”

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. “எழுதாதுக்கா. ஒரு எழுத்துகூட அதுல எழுதாது. படிக்க மட்டும்தான் செய்யும்.”

“இன்னிக்குப் படிக்கத்தான தம்பி கூடாது? புள்ளைக புத்தகமெல்லாம் அந்தா சாமிக்கு முன்னாடி கெடக்கு. நேத்து ராத்திரியிலேர்ந்து ஒரு பய ஒரு வரி படிக்கல.”

அதில் பிள்ளைகளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தவர்கள் சரஸ்வதி பூசையைக் கணக்கில் எடுக்கவில்லை.

“படிக்கல மகாராணி,” என்றார் திருமலைச்சாமி மெதுவாக. “படம் பாக்கறது.”

“படம் பாக்கலாம்,” என்று ஒப்புக்கொண்டார் மகாராணி. “நாமளே காலையிலேர்ந்து ரெண்டு படம் பாத்தாச்சு. சரி, பாக்கட்டும். ஆனா அந்த வாழை எலையை எடுக்கக் கூடாது.”

தீர்ப்பு அப்படி வந்தது. சுந்தரராஜ் உட்கார்ந்தான். பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டு யூ.எஸ்.பி. துளைகள் இருந்தன. இரண்டிலும் சந்தனம். கண் என்று நினைத்து மகாராணி நிறைவாக அப்பியிருந்தார். பின்பக்கம் துழாவி, ஒட்டடைக்கு நடுவே இன்னொரு துளையைக் கண்டுபிடித்துச் செருகினான். வாழையிலைக்கு அடியில் விரலை நுழைத்து, தடவித் தடவி விசைகளை அழுத்தினான். இரண்டு தடவை பொரிதான் சிதறியது. மூன்றாவது தடவை அமைப்புத் திரை வந்தது. எதிலிருந்து எழுவது என்ற வரிசையில் ஹார்ட் டிஸ்க்கைக் கீழே தள்ளி, பென் டிரைவை முதலிடத்துக்கு ஏற்றினான்.

வரிவரியாக எழுத்துகள் ஓடின. பிறகு திரை நீலமாக விரிந்தது. பெட்டியின் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து ஒரு நாய் இரண்டு தடவை குரைத்தது.

“நாயா? நாயி உள்ள வந்துருச்சா?” மகாராணி விளக்குமாறோடு வந்தார்.

“கம்ப்யூட்டர்தான்க்கா. எழுந்திரிச்சா அப்படித்தான் குலைக்கும்.”

மகாராணி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார். “பைரவரு. பூசையில வந்து சத்தம் குடுக்குறாரு. நல்ல சகுனங்க.” பென் டிரைவுக்கு இப்போது அவர் கண்ணில் மரியாதை வந்துவிட்டது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தார். பட்டிமன்றம் கேட்க ஆளில்லாமல் நடந்தது.

ஹார்ட் டிஸ்க் திறந்தது. வைரஸ் தின்றது வாசல்படியைத்தான். வீட்டுக்குள் எல்லாம் அப்படியே இருந்தது. ஊரின் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே குவிந்து கிடந்தன. ஒவ்வொரு கல்யாணத்துக்குள்ளும் ‘வேஸ்ட்’ என்று ஒரு ஃபோல்டர். அவனுடைய கல்யாணத்துக்கும் இருந்தது.

மொத்தத்தையும் பென் டிரைவுக்கு அனுப்பப் பார்த்தான். இடமில்லை என்றது. சின்ன பென் டிரைவ். அதில் பாதியைப் பப்பியே அடைத்துக்கொண்டிருந்தது.

“சி.டி.ல எழுதிக்கலாம்னா ரைட்டர் போன வருசமே படுத்துருச்சு,” என்றார் திருமலைச்சாமி. “நல்லதா பத்துப் படம் பொறுக்கிக்கயேன்.”

சுந்தரராஜ் பெயர்களைப் பார்த்தான். எல்லாம் வெறும் எண்கள். எதையும் திறந்து பார்க்காமல், பென் டிரைவுக்குள் போய், சிஸ்டத்தின் கோப்புகளை அழித்து இடம் பண்ணினான்.

“ஏப்பா, ஓடிக்கிட்டு இருக்கறதையே அழிக்கிற? ஒக்காந்திருக்கற நாற்காலிய விக்கிற மாதிரி இருக்கே!”

“அது ஏற்கெனவே மெமரிக்குப் போயிருச்சுண்ணே. கீழ இருக்கறது இனி தேவையில்ல. கரண்ட் இருக்கறவரைக்கும் ஓடும்.”

“போனா?”

“மறுபடி எழுப்ப முடியாது.”

“பூசை அன்னிக்குக் கரண்ட்ட எடுக்க மாட்டாங்க,” என்றார் மகாராணி. அவர் சொன்ன தொனியில் மின்சாரமும் அவரிடம் அனுமதி கேட்டுத்தான் போகும்போல இருந்தது. மின்வெட்டுக்குப் பேர்போன அந்த வருடம் தமிழ்நாட்டில் அப்படி நம்பிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

ஃபோல்டரை இழுத்துப் போட்டான். பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது. துளை பழசு, மெதுவாகத்தான் ஊர்ந்தது. வெளியே மேகம் பஜாருக்குள் இறங்கி ஷட்டர் இடுக்கில் எட்டிப் பார்த்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் முதல் படத்தைத் திறந்தான்.

ஷர்மிளா சாப்பிடுகிறாள். கன்னம் புடைத்திருக்கிறது. குனிந்துதான் இருக்கிறாள், ஆனால் இலையைப் பார்த்து.

அடுத்தது. கொட்டாவி. கை பாதியில்.

அடுத்தது. பட்டுப்புடவைக்குமேல் பச்சை ஸ்வெட்டர். தை மாதக் குளிர். அமிர்தவல்லி ஒரு கையைப் பிடித்து இழுத்து ஸ்வெட்டரைக் கழற்றப் பார்க்கிறார். ஷர்மிளா மறு கையை இடுப்போடு இறுக்கியிருக்கிறாள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

அடுத்ததைத் திறந்தான்.

நேராகப் பார்க்கிறாள். வாய் திறந்திருக்கிறது. ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோபம்தான், ஆனால் கோபத்தின் நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது, இரண்டில் எது ஜெயிக்கும் என்று தெரிவதற்குள் திருமலைச்சாமி அமுக்கிவிட்டார். இடது புருவம் மட்டும் ஏறியிருந்தது. மேல் உதட்டில் ஒரு பருக்கை. கேசரியாக இருக்கலாம்.

“இதுல என்னையத்தான் திட்டுச்சு தம்பி,” என்றார் திருமலைச்சாமி. “‘வெரசா எடுங்கண்ணே, குளுருல தாடை அடிக்குது, ஒங்களுக்கென்ன கோட்டு மாட்டிருக்கீங்க’ன்னுச்சு. கல்யாணப் பொண்ணு அப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல.”

சுந்தரராஜ் அடுத்த படத்துக்குப் போகவில்லை. பச்சைக் கோடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றும் பார்க்கவில்லை.

“நில்லுங்க, நில்லுங்க!” மகாராணி ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தார். “இந்த மூலையில… பின்னாடி… ஆரஞ்சுப் புடவ. இது நானு!”

ஷர்மிளாவின் தோளுக்குப் பின்னால், பந்திக்குப் போகிற வழியில், ஆரஞ்சுப் புடவையில் ஒரு பெண் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“அட, நானுதாங்க! எம்புட்டு எளைச்சு இருக்கேன் பாருங்க. இந்தப் புடவ இப்ப எங்க? இத ஏன் நீங்க எங்கிட்டக் காட்டவே இல்ல?”

“நான் கவனிக்கல புள்ள…”

“எப்படிக் கவனிப்பீங்க? கொடைக்கானல்ல இருக்குற அம்புட்டுப் பொம்பளைகளையும் நிக்க வெச்சு, ஒக்கார வெச்சு, தூணக் கட்டிக்கிட்டு எல்லாம் எடுத்தாச்சு. கட்டுன பொண்டாட்டிய ஒரு தடவ? ஒரே ஒரு தடவ? அப்படியே விழுந்தும் விழுந்தேன், அதையும் கொண்டுபோய் வேஸ்ட்டுல போட்டிருக்கீங்க!”

“அது அந்தப் பொண்ணு படம் புள்ள, ஒன்னைய வேஸ்ட்டுல போடல…”

“இங்கிலீசு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. வேஸ்ட்டுன்னா என்னான்னு தெரியும்.”

அந்த இடத்தில் கரண்ட் போனது.

திரை சுருங்கிப் புள்ளியாகி அணைந்தது. பெட்டிக்குள் விசிறி தேய்ந்து நின்றது. பட்டிமன்றம் ஒரு வாக்கியத்தின் நடுவில் முடிந்தது. நிம்மதிக்கு யார் காரணம் என்பது இனித் தெரியப்போவதில்லை. பொட்டு வைத்த யூ.பி.எஸ். ஒரு முனகல்கூட முனகவில்லை. பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே கொஞ்சம் வெளுப்பு மட்டும் இருந்தது.

“போச்சா?” என்றார் திருமலைச்சாமி.

“போச்சுண்ணே.”

“பென் டிரைவுல எம்புட்டு ஏறுச்சு?”

“தெரியாது. பாதி இருக்கலாம். நடுவுல நின்னதால ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம். சிஸ்டத்த அழிச்சாச்சு. கரண்ட் வந்தாலும் இதால எழுப்ப முடியாது. விடுதிக்குப் போயி, நெட்டுல மறுபடி எறக்கி, ஏத்திக் கொண்டாரணும். அந்த லைன் ஓடுற வேகத்துக்கு விடிஞ்சிரும். விடிஞ்சா…”

விடிந்தால் ஆறுக்கு மேல் ஏழரைக்குள். கெஞ்ச வேண்டும் என்று தெரிந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு வருடமாக அவன் எதையும் யாரிடமும் கேட்டதில்லை.

“அண்ணே,” என்றான். “ஒரு நாள் மட்டும்…”

“ஒரு நாளென்ன?” என்றது மகாராணியின் குரல் இருட்டில். “நீங்க வந்து எல்லாத்தையும் எடுக்கறவரைக்கும் ஒரு பய அந்தப் பொட்டியில கை வெக்கக் கூடாது. என்னங்க, வேலுமணிக்குப் போனப் போடுங்க.”

“நல்ல நேரம் குறிச்சாச்சு புள்ள. விஜயதசமி தப்பிப்போனா…”

“எம் படம் மொதல்ல வரட்டும். நல்ல நேரம் அதுக்கப்புறம் தானா வரும்.”

ஒரு வருடத் துக்கமும் பி.காம். படிப்பும் வெளிநாட்டு நாய்க்குட்டியும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு ஆரஞ்சுப் புடவை செய்துவிட்டது. திருமலைச்சாமி செல்போன் வெளிச்சத்தில் எண்ணைத் தேடி அழுத்தினார். “ஏலே வேலுமணி. நாளைக்கு வராத… இல்ல இல்ல, ரிப்பேரு சரியாகல… இல்லப்பா, வேற ஆளக் கூப்பிடல. வீட்டுல சொல்லிட்டாங்க… வீட்டுலன்னா யாரு, அவதான்… வாரக் கடைசில நானே கூப்பிடுறேன். ஃபார்மட் எங்கயும் ஓடிப்போயிராது, வெய்யி.”

சுந்தரராஜ் பின்பக்கம் கையை விட்டுப் பென் டிரைவை உருவினான். சூடாக இருந்தது. பையில் போட்டுக்கொண்டான். எழுந்து போயிருக்கலாம். வட்டக்கானலுக்குக் கீழே இறங்க வேண்டும், மேகம் வேறு. ஆனால் அவனுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது.

கண்ணை மூடினான்.

அவள் வாயைத் திறந்துகொண்டு திட்டினாள். புருவம் ஏறியிருந்தது. உதட்டில் பருக்கை ஒட்டியிருந்தது. சுற்றிலும் கட்டம் இல்லை.

நம்பிக்கை வரவில்லை. கண்ணைத் திறந்து, இருட்டையும் சாமந்தி மாலையின் வெளுத்த வளைவையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடினான். அவளேதான். இந்தத் தடவை குளிரைப் பற்றிச் சொன்னாள்.

“சுண்டல் சாப்பிடுங்க தம்பி,” என்று ஒரு எவர்சில்வர் தட்டு வந்து அவன் முழங்கையில் இடித்தது.

வாங்கிக்கொண்டான். உப்பு தூக்கலாக இருந்தது. காரமும். அவை இரண்டும் நாக்கில் தெரிந்தது அவனுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. முழுவதையும் தின்று முடித்துவிட்டு, இருட்டில் தட்டை நீட்டினான்.

“இன்னொரு கரண்டி போடுங்கக்கா,” என்றான்.